நான்கு கட்டங்கள் கூடும் மூலை



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பெரிய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு நுனிப்புல் மேய்ந்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. நான் இன்று பெரும்பாலும் ஒன்பது கட்டங்களுக்குள்ளேயே நிற்கப்போகிறேன். ஆளுக்கொரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நல்லது. மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டம் போடுங்கள். நடுக்கட்டத்துக்கு மேலும் கீழும் இடமும் வலமும் இருக்கும் நான்கு கட்டங்களைக் கறுப்பாக்குங்கள். நடுக்கட்டமும் நான்கு மூலைக் கட்டங்களும் வெள்ளையாகவே இருக்கட்டும். தாளின் மற்றப் பகுதி முழுக்க வெள்ளைக் கட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். கேள்வி இதுதான்: நடுவில் இருக்கும் வெள்ளைக் கட்டம் அடைபட்டிருக்கிறதா, இல்லையா?

1887-இல் வெளிவந்த தம் பகுப்பியல் பாடநூலில் கமீல் ஜோர்டான் ஒரு தேற்றத்தைச் சொன்னார். தன்னைத்தானே வெட்டிக்கொள்ளாத மூடிய வளைவரை எதைத் தளத்தில் வரைந்தாலும், அது தளத்தை உள், வெளி என்று சரியாக இரண்டாகப் பிரிக்கும். சொன்னால் குழந்தைக்கும் புரிகிற செய்தி. நிரூபிக்கப் புகுந்தால் நாக்குத் தள்ளிவிடும். ஜோர்டானின் நிரூபணத்தில் ஓட்டை உண்டு என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1905-இல் அமெரிக்கர் ஆஸ்வால்டு வெப்லன் தந்ததே முதல் முழுமையான நிரூபணம் என்று பல நூல்கள் எழுதின. ஜோர்டான்மீது சுமத்திய அந்தப் பழி நியாயமில்லாதது என்று தாமஸ் ஹேல்ஸ் 2007-இல் வாதாடினார். அந்த வழக்குக்குள் நாம் போக வேண்டாம். வெப்லன் என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு வாசல் வழியாக அவர் திரும்பி வருவார்.

கணினிக்குள் வளைவரை என்று ஒன்று கிடையாது. கட்டங்கள்தான் உண்டு, பிக்சல் என்கிறோம். எந்தக் கட்டமும் எந்தக் கட்டமும் அடுத்தடுத்தவை என்பதை நாம்தான் சொல்லியாக வேண்டும். சுவர் பொதுவாக இருந்தால்தான் அண்டை வீடா, மூலை தொட்டாலே அண்டை வீடா? சுவர்தான் கணக்கு என்றால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு அண்டைகள். மூலையும் கணக்கு என்றால் எட்டு. முதலாவதை நாலண்மை என்றும் இரண்டாவதை எட்டண்மை என்றும் இங்கே சொல்கிறேன். கட்டங்களை முனைகளாகவும் அண்மையை விளிம்புகளாகவும் வைத்த அந்த நொடியே நாம் கோட்டுருவியலுக்குள் வந்துவிட்டோம்.

இப்போது உங்கள் தாளைப் பாருங்கள். எட்டண்மையை எல்லாருக்கும் பொதுவாக வைத்தால் நான்கு கறுப்புக் கட்டங்களும் மூலைக்கு மூலை தொட்டு ஒரு மூடிய வளையம் ஆகின்றன. ஆனால் நடுவில் இருக்கும் வெள்ளையும் அதே மூலைகள் வழியே மூலைக் கட்டத்துக்குப் போய் வெளியே தப்பிவிடுகிறது. வளையம் இருக்கிறது, அடைப்பு இல்லை. நாலண்மையைப் பொதுவாக வைத்தால் கறுப்புக் கட்டங்கள் ஒன்றையொன்று தொடாத நான்கு தனித் துண்டுகள். ஆனால் நடு வெள்ளைக்கு வெளியேற வழியில்லை. அடைப்பு இருக்கிறது, வளையம் இல்லை. இரண்டு விதத்திலும் ஜோர்டான் தேற்றம் பொய்த்துப்போகிறது.

1960-களில் எழுத்துகளையும் செல்களின் படங்களையும் கணினியால் படிக்க முயன்றவர்கள் இந்தச் சிக்கலில் முட்டிக்கொண்டார்கள். டூடா, ஹார்ட், மன்சன் மூவரும் 1967-இல் ஓர் அறிக்கையில் வழி சொன்னார்கள்: கறுப்புக்கு எட்டண்மை என்றால் வெள்ளைக்கு நாலண்மை, கறுப்புக்கு நாலண்மை என்றால் வெள்ளைக்கு எட்டண்மை. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் அஸ்ரியல் ரோசன்ஃபெல்டு அதைத் தேற்றங்களாகக் கட்டி எழுப்பினார். படங்களில் இணைப்பு பற்றி 1970-இலும், விற்களும் வளைவரைகளும் பற்றி 1973-இலும் அவர் எழுதிய கட்டுரைகளே இத்துறையின் அடித்தளம். 1979-இல் அமெரிக்கக் கணித மாத இதழில் எழுதிய கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பே துறையின் பெயராக நிலைத்தது: எண்முறை இடவியல். ரோசன்ஃபெல்டு யூத மதகுருவாகவும் பட்டம் பெற்றவர். விதிகளை ஒரு சொல் பிசகாமல் வகுக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது உங்கள் விருப்பம்.

கறுப்புக்கு ஒரு நீதி, வெள்ளைக்கு ஒரு நீதி. பாடநூல்கள் இதைச் சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகின்றன. மாணவர்களும் இது ஏதோ ஒட்டுப்போட்ட ஏற்பாடு என்று மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. இரண்டு நீதி ஏன் தேவைப்படுகிறது, அது எந்த இடத்தில் தேவைப்படுகிறது என்பதைக் கோட்டுருவியல் விரல் வைத்துக் காட்டிவிடும். அதற்குக் கட்டங்களை விட்டுவிட்டுக் கட்டங்களின் ஓரங்களைப் பார்க்க வேண்டும்.

கட்டங்களின் மூலைகளை முனைகளாகக் கொள்ளுங்கள். ஒரு புறம் கறுப்பும் மறுபுறம் வெள்ளையும் உள்ள ஓரங்களை மட்டும் விளிம்புகளாகக் கொள்ளுங்கள். மற்ற ஓரங்களை அழித்துவிடுங்கள். கிடைப்பது படத்தின் எல்லைக் கோட்டுரு. எந்த மூலையை எடுத்தாலும் அங்கே நான்கு கட்டங்கள் கூடுகின்றன. அந்த நான்கையும் ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட கட்டத்துக்கே வந்தால் நிறம் எத்தனை முறை மாறியிருக்கும்? கறுப்பில் தொடங்கிக் கறுப்பில் முடிவதால் மாற்றங்கள் இரட்டைப்படைதான்: 0, 2 அல்லது 4. ஆக, எல்லா முனைகளின் படியும், அதாவது அங்கே கூடும் விளிம்புகளின் எண்ணிக்கையும், இரட்டை எண்.

இரட்டைப் படி என்றதும் உங்களுக்கு ஆய்லரும் கோனிக்ஸ்பெர்க் பாலங்களும் நினைவுக்கு வரும், அது 1736. நமக்கு இங்கே வேண்டியது அதன் இன்னொரு வடிவம்: ஒரு கோட்டுருவின் எல்லா முனைகளும் இரட்டைப் படி உடையவை என்றால், அப்போதுதான் அதன் விளிம்புகளை ஒன்றோடொன்று விளிம்பைப் பகிராத சுற்றுகளாகப் பிரிக்க முடியும். இதை 1912-இல் எழுதியவர் அதே வெப்லன். தொடர்ச்சியான வளைவரைக்கு உள்ளும் வெளியும் உண்டு என்று நிரூபித்தவர், புள்ளியும் கோடும் மட்டுமே உள்ள உலகில் மூடிய சுற்றுகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் சொல்லிவைத்தார். கறுப்புக் கட்டங்களை எப்படி வேண்டுமானாலும் இறைத்துப்போடுங்கள், அவற்றின் எல்லை எப்போதும் மூடிய சுற்றுகளாகப் பிரியும். மூடிய வளைவரைகளுக்குப் பஞ்சமே இல்லை. எப்படிப் பிரிப்பது என்பதுதான் கேள்வி.

படி 2 உள்ள முனையில் தேர்வுக்கு இடமில்லை. வந்த வழி ஒன்று, போகும் வழி ஒன்று. படி 4 உள்ள முனை, இரண்டு கறுப்பும் எதிரெதிராகவும் இரண்டு வெள்ளையும் எதிரெதிராகவும் நிற்கும் இடத்தில் மட்டுமே வரும்; அதைக் குறுக்குமூலை என்போம். அங்கே நான்கு விளிம்புகள் கூடுகின்றன. நான்கை இரண்டிரண்டாகச் சேர்க்க மூன்று வழிகள் உண்டு. ஒரு திருப்பம் இரண்டு கறுப்புகளையும் ஒட்டவைக்கும். எதிர்த் திருப்பம் இரண்டு வெள்ளைகளையும் ஒட்டவைக்கும். மூன்றாவது வழி நேராகக் குறுக்கே போவது.

உங்கள் தாளில் இதைச் செய்து பாருங்கள். நான்கு கறுப்புக் கட்டங்களுக்கும் தலா நான்கு ஓரங்கள், எல்லாமே வெள்ளையைத் தொடுபவை. எனவே 16 விளிம்புகள். முனைகள் 12. அவற்றில் நடுக்கட்டத்தின் நான்கு மூலைகள் மட்டும் படி 4, மற்ற எட்டும் படி 2. நான்கு மூலைகளிலும் கறுப்பை ஒட்டவைத்தால் 16 விளிம்புகளும் இரண்டு சுற்றுகளாகப் பிரிகின்றன: வெளியே 12 விளிம்புச் சுற்று, உள்ளே நடுக்கட்டத்தைச் சுற்றி 4 விளிம்புச் சுற்று. ஒரு வளையத்தின் வெளிக்கரையும் உட்கரையும் அவைதான். நான்கு மூலைகளிலும் வெள்ளையை ஒட்டவைத்தால் நான்கு விளிம்புகள் கொண்ட நான்கு தனிச் சுற்றுகள். கறுப்புக்கு எட்டண்மை, வெள்ளைக்கு நாலண்மை என்ற விதி முதல் பிரிப்பு. அதன் மறுதலை இரண்டாவது. ஒரே மூலையில் கறுப்பையும் ஒட்டவைத்து வெள்ளையையும் ஒட்டவைக்க முடியாது. இரண்டையும் வெட்டிவிடவும் முடியாது. பொது நீதி பொய்த்துப்போனது இதனால்தான். இரண்டு நீதி என்பது ஒட்டுப்போட்ட ஏற்பாடே இல்லை. ஒரு குறுக்குமூலையில் ஒருவருக்குத்தான் வழிவிட முடியும்.

மூன்றாவது வழியைப் படிம ஆய்வாளர்கள் தொடுவதில்லை. நேராகப் போனால் என்ன ஆகும்? 16 விளிம்புகள் எட்டு எட்டாகப் பிரிந்து, கிடையாக ஒரு நீள்கட்டமும் நெடுக்காக ஒரு நீள்கட்டமும் நான்கு இடங்களில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும். ஐந்து கட்டங்களிலும் நடுவில் ஒரு புள்ளி வைத்து, முனைகளை வளைத்துவிடுங்கள். மார்கழிக் காலையில் நம் தெருவில் பார்த்த உருவம்! சிக்குக் கோலத்தின் கம்பி குறுக்குமூலையில் நேராகப் போகும், திரும்பாது. கம்பிக் கோலமும் மூடிய வளைவரைதான், ஆனால் ஜோர்டான் சொன்ன வகை அல்ல. அது தன்னைத்தானே வெட்டிக்கொள்வது. அதற்கும் கோட்டுருவியலில் துல்லியமான கணக்கு உண்டு. வெட்டுமிடங்களை முனைகளாகக் கொண்டால் எல்லாம் படி 4. விளிம்புகள் முனைகளைப் போல் இரு மடங்கு. ஆய்லரின் வாய்பாட்டின்படி, கோலம் ஒரே தொடர்ச்சியாக இருந்தால், வெளிப்புறத்தையும் சேர்த்து அறைகளின் எண்ணிக்கை வெட்டுகளின் எண்ணிக்கையைவிட 2 அதிகம். நம் உருவத்தில் வெட்டு 4, அறை 6. வீட்டில் போட்டுப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம்.

கோலத்தை நான் வலிந்து இழுத்து வரவில்லை. ரோசன்ஃபெல்டு நிறுவன ஆசிரியராக இருந்த கணினி வரைகலை, படிம ஆய்வு இதழில்தான் 1974-இல் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலிருந்து அணி இலக்கணங்களும் கோலமும் பற்றிய கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன். பின்னாளில் ஒற்றைக் கம்பிக் கோலங்களுக்கென்றே சுற்று இலக்கணம் ஒன்றையும் சிரோமணி தம்பதியர் டி. ராபின்சனுடன் சேர்ந்து வகுத்தார்கள். அந்தக் கட்டுரைகளை நம் கல்லூரிகளில் இன்று எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

நம் தாளில் உள்ள நான்கு குறுக்குமூலைகளில் ஒவ்வொன்றிலும் மூன்று வழி என்றால் மொத்தம் 81 விதமாக இணைக்கலாம். அவற்றில் படிம ஆய்வு ஏற்பது இரண்டே இரண்டு: எங்கும் கறுப்புக்கு வழி, அல்லது எங்கும் வெள்ளைக்கு வழி. இடத்துக்கு இடம் மாற்றினால் என்ன கேடு? தளத்தில் பெரிய கேடில்லை. முப்பரிமாணத்தில் உண்டு. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் லோரன்சனும் கிளைனும் 1987-இல், ஸ்கேன் படங்களிலிருந்து எலும்பு, தோல் முதலியவற்றின் மேற்பரப்பைக் கனசதுரம் கனசதுரமாகக் கட்டும் முறையை வெளியிட்டார்கள். இரண்டு கனசதுரங்கள் பகிரும் முகத்தில் எதிரெதிர் மூலைகள் ஒரே நிறமாக அமைந்தால், ஒரு கனசதுரம் ஒரு விதமாகவும் பக்கத்துக் கனசதுரம் மறு விதமாகவும் முடிவெடுத்துவிடும். விளைவு, மேற்பரப்பில் ஓட்டை. மறு ஆண்டே டூர்ஸ்ட் அதைச் சுட்டிக்காட்டினார். மருத்துவர் பார்க்கும் எலும்பில் இல்லாத ஓட்டை தெரிவது நம் குறுக்குமூலை செய்யும் வேலை.

மூலைகளே சிக்கல் என்றால் நான்கு கட்டங்கள் கூடும் மூலையே இல்லாத தரை வேண்டும். அறுகோணத் தரையில் ஒவ்வொரு மூலையிலும் மூன்று கட்டங்கள்தான் கூடும். சுற்றி வந்தால் நிறமாற்றம் 0 அல்லது 2. நான்குக்கு வாய்ப்பே இல்லை. எல்லைக் கோட்டுருவின் ஒவ்வொரு முனையும் படி 2. எனவே அது தானாகவே, எந்தத் தேர்வும் இல்லாமல், வெட்டிக்கொள்ளாத சுற்றுகளாக நிற்கும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒரே நீதி. சதுரத் தரையிலேயே இதைச் செய்யவும் வழி உண்டு: எல்லா இடத்திலும் ஒரே திசை மூலைவிட்டத்தை மட்டும் அண்மையாகச் சேர்த்து மற்றத் திசையை விட்டுவிட்டால் ஆறு அண்டைகள் கிடைக்கும். வெட்டிக்கொள்ளும் இரண்டு மூலைவிட்டங்களில் ஒன்றை எடுத்துவிட்டோம். கோட்டுரு தளக் கோட்டுருவாகிவிட்டது, சிக்கல் போயிற்று. விலையும் உண்டு; இடதும் வலதும் சமமாக நடத்தப்படாது.

ஹெக்ஸ் என்ற விளையாட்டை அறிந்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள். 1942-இல் டென்மார்க்கின் பீட் ஹைனும், அவரை அறியாமலே 1948-இல் ஜான் நாஷும் கண்டுபிடித்த அறுகோணப் பலகை ஆட்டம் அது. அதில் சமநிலை என்பதே வராது. பலகை நிரம்பினால் யாராவது ஒருவர் கரைக்குக் கரை பாலம் போட்டிருப்பார். அதற்கு டேவிட் கேல் தந்த நிரூபணத்தின் உயிர், எல்லா முனைகளும் படி 2-க்கு மேற்படாத கோட்டுருவில் பாதைகளும் சுற்றுகளும் தவிர வேறெதுவும் இருக்காது என்ற ஒரு வரித் துணைத்தேற்றம். அதை வைத்துக்கொண்டு அவர் ப்ரௌவரின் நிலைப்புள்ளித் தேற்றத்தையே எட்டிப்பிடித்தார். அந்தக் கட்டுரை வெளிவந்ததும் அமெரிக்கக் கணித மாத இதழின் அதே 1979-ஆம் ஆண்டுத் தொகுதியில்தான். ரோசன்ஃபெல்டின் கட்டுரைக்கு இரண்டு இதழ் தள்ளி.

சதுரத் தரைக்கே திரும்புவோம். ரோசன்ஃபெல்டு வரையறுத்த மூடிய வளைவரை இது: ஒரே தொடர்ச்சியான கறுப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டண்மையில் சரியாக இரண்டே கறுப்பு அண்டைகள். வெள்ளைக்கு நாலண்மை கொடுத்தால் உள், வெளி என்று இரண்டு பகுதிகள் கிடைக்கும் என்பது தேற்றம். கட்டங்களின் நடுப்புள்ளிகளை முனைகளாக்கி அண்டைகளைக் கோட்டால் இணையுங்கள். ஒவ்வொரு முனைக்கும் படி 2 என்பதால் முனைகளும் விளிம்புகளும் எண்ணிக்கையில் சமம். இரண்டு மூலைவிட்டங்கள் வெட்டிக்கொள்ளுமா? வெட்டினால் அந்த நான்கு கட்டங்களும் கறுப்பு. அப்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று அண்டைகள் ஆகிவிடும். வரையறை அதை விடாது. ஆகவே இது தளக் கோட்டுரு. முனை கழித்தல் விளிம்பு கூட்டல் முகம் 2 என்ற ஆய்லர் வாய்பாட்டில் முதல் இரண்டும் அடிபட்டுப் போக, முகங்கள் 2. அடுத்தடுத்த இரண்டு வெள்ளைக் கட்டங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்க்கும் கோடு எந்தக் கறுப்பு விளிம்பையும் வெட்டாது. எனவே நாலண்மையில் நடக்கும் வெள்ளை ஒரு முகத்திலிருந்து மற்றதற்குத் தாவ முடியாது. எஞ்சியது இரண்டு வேலை: ஒரே முகத்தில் உள்ள வெள்ளைகள் தமக்குள் இணைந்தவை என்று காட்டுவது, வளைவரையை ஒட்டியே நடந்து அதைச் செய்யலாம். உள்முகம் வெறுமையாக இல்லை என்று காட்டுவது. இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. 'ட' எழுத்தைப் போல் அமைந்த மூன்று கட்டங்கள் வரையறைக்குப் பொருந்தும், ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. அதனால்தான் குறைந்தது 4 கட்டங்கள் வேண்டும் என்ற நிபந்தனை.

கூர்மையான மாணவர் ஒருவர் கேட்பார்: ஆய்லர் வாய்பாட்டுக்கே ஜோர்டான் தேற்றம் வேண்டுமே, இது சுற்றிவளைத்த வாதமில்லையா? நேர்கோட்டுத் துண்டுகளால் ஆன பல்கோணத்துக்கு அது எளிய தேற்றம்; அந்த அளவே இங்கே போதும். உண்மையில் பயணம் எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. மூன்று வீடுகளுக்குத் தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றையும் குழாய்கள் வெட்டாமல் கொண்டுபோக முடியாது என்ற பழைய புதிர் ஒரு கோட்டுருவியல் தேற்றம். அதை முதுகெலும்பாக வைத்தே தொடர்ச்சியான வளைவரைகளுக்கான ஜோர்டான் தேற்றத்தை 1992-இல் கார்ஸ்டன் தாமசன் நிரூபித்தார். ஹேல்ஸ் 2005-இல் கணினியைக் கொண்டு அடி அடியாகச் சரிபார்த்த நிரூபணமும் அந்த வழியைத் தழுவியதுதான்.

கலிம்ஸ்கி தளம், கோவலெவ்ஸ்கியின் செல் அமைப்புகள், ப்ர்னோ நகரில் ஷ்லாபல் செய்துவரும் பாதைகள் வழியான ஆய்வு என்று பேச இன்னும் நிறைய இருக்கிறது. ஆர்வமுள்ளவர்களுக்கு அவை முனைவர் பட்டத்துக்குப் போதுமான களம். என் கணிப்பில் அவை யாவும், அந்தக் குறுக்குமூலையில் யாருக்கு வழி என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் வெவ்வேறு முறைகள்.

முடிக்கும் முன் நடைமுறைக்கு வருகிறேன். நம் ஒன்பது கட்டப் படத்தைக் கணினியிடம் கொடுத்து எத்தனை பொருள் என்று கேளுங்கள். ஓப்பன்சிவி நிரல் நூலகத்தின் இணைப்புக்கூறு செயல்பாடு இயல்பாக எட்டண்மையில் ஓடும்; விடை 1. மேட்லாப்பும் அப்படியே. சைபையின் பெயரிடும் செயல்பாடு இயல்பாக நாலண்மையில் ஓடும், விடை 4. அதே சைபையில் துளை நிரப்பும் செயல்பாட்டை அழைத்தால் அது வெள்ளைக்கும் நாலண்மை வைத்து நடுக்கட்டத்தைத் துளை என்று நிரப்பிவிடும். நான்கு தனித் துண்டுகள், நடுவில் ஒரு துளை: 1967-இல் தீர்த்துவைத்த முரண் இயல்பு அமைப்புகளுக்குள் இன்றும் உட்கார்ந்திருக்கிறது. இது பிழையல்ல, ஆவணத்தில் எழுதியிருப்பதுதான், நாம்தான் படிப்பதில்லை. செல்களை எண்ணுகிறவர்களும், செயற்கைக்கோள் படத்தில் ஏரிகளை எண்ணுகிறவர்களும், ஓலைச்சுவடியின் படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கிறவர்களும் இந்த அவையில் இருப்பீர்கள். கறுப்புக்கு எந்த அண்மை, வெள்ளைக்கு எந்த அண்மை என்பதை உங்கள் நிரலிலும் ஆய்வேட்டிலும் ஒரு வரியாக எழுதிவையுங்கள். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு அந்த வரியைச் சொல்லாத ஆய்வேடு என் மேசைக்கு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.